மாறுபட்டோரையும் விளித்துப் பாடிய ஆழ்வார்



சிறிய திருவடியின் திருநாமத்தைத் தாங்கிய அனுமந்தன்பட்டிக்கு அருகே, உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக்களில் அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயர் காணப்படுகிறது. அவற்றை நாம் சென்று காணலாகுமோ என்று ஐயுறும் பாகவதர்கள் உளர். எளிதில் தள்ளத்தக்க ஐயமன்று அது.

அதே அச்சணந்தியின் பெயர் மதுரையை அடுத்த ஆனைமலையிலும் உண்டு. அம்மலைக் குகையில் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே சமணத் துறவியர் தங்கியமைக்குத் தமிழி எழுத்து சான்று. அடிவாரத்தில், பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சன் மாறன் காரி, 770-ஆம் ஆண்டில் நரசிங்கப் பெருமாளுக்குக் கற்றளி குடைந்தான். பணி முற்றுமுன் அவன் மறைய, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நிறைவித்தான். அதற்கும் பின்னரே அச்சணந்தியின் தீர்த்தங்கரர்கள் மலைமேல் தோன்றினர். ஒரு சமயம் அழிந்தபின் மற்றொன்று தழைத்தது என்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். ஆனைமலைக் கற்கள் அவ்வாறு கூறவில்லை. ஒரே மலையில், வாதிட்டவாறே அவை உடன் வளர்ந்தன.

ஆழ்வார்கள் பாடியதும் இந்த நெருக்கத்திலேதான். திருவாய்மொழி நான்காம் பத்தின் பத்தாம் பதிகத்தில் நம்மாழ்வார் லிங்க புராணத்தாரையும் சமணரையும் சாக்கியரையும் நேரே விளித்து, நீங்களும் உங்கள் தெய்வமுமாய் நிற்பவன் குருகூர் எம்பெருமானே என்கிறார். எல்லாம் ஒன்றே என்பதன்று இதன் கருத்து. பரத்வத்தை நிலைநாட்டவே அப்பதிகம் அவதரித்தது. ஆனால் இகழ்ந்து ஒதுக்கியவரை ஒருவர் இவ்வாறு விளித்து உபதேசிப்பாரோ?

திருமாலையில் கடுஞ்சொல் உண்டே எனின், உண்டு; அதை மழுப்ப நாம் விரும்பவில்லை. ஆயினும் தொண்டரடிப்பொடியாழ்வாரின் சினம், எம்பெருமானைக் குறித்துப் பொறுக்கவொண்ணாதன பேசுமிடத்தே எழுகிறது. பாறையில் அமைதியாயிருக்கும் உருவங்கள் எதையும் பேசவில்லை. அவற்றை நாம் வணங்க வேண்டுவதில்லை. நம் சரணாகதி ஒருவனுக்கே. முகந்திருப்பவும் வேண்டுவதில்லை.

இத்தனை வழிகளை அவன் ஏன் இருக்கவிட்டான்? அப்பதிகத்திலேயே ஆழ்வார் இதற்கும் விடை தருகிறார். எல்லாரும் வீடுபெற்றால், வினைவழி நடக்கும் இவ்வுலகம் இல்லையாகும். ஆகவே பிற தெய்வங்களைப் பேணும்படி அவர்களைத் தேற்றி வைத்தவனும் அவனேயாம்.