விற்ற ஓவியத்தில் ஓவியனுக்குப் பங்குண்டா?

ஒரு பொருளை விற்றவன் அதன்மீது தனக்கிருந்த உரிமை அனைத்தையும் விற்றுவிட்டான் என்பது வணிக உலகின் முதல் விதி. தென்னந்தோட்டத்தை விற்றவர், பத்தாண்டு கழித்து அதன் விலை பன்மடங்காகியதைக் கேள்வியுற்றுப் பெருமூச்சு விடலாம். வாங்கியவரின் வாயிலிற் சென்று பங்கு கேட்க முடியாது. இவ்விதி கலைப்படைப்புக்கும் பொருந்துமா? பெயர் பெறாத இளங்கலைஞரின் ஓவியங்களைச் சிறுவிலைக்கு வாங்கிச் சேர்த்து, அவர் பெயர் பெற்ற பின்னர் பெருவிலைக்கு விற்போரின் செயல் அறத்தின்பாற்பட்டதா? இவ்வினா கொழும்புச் சீமான்களின் வரவேற்பறைக்கு மாத்திரம் உரியதென்று புத்தளக் கரையோரத்தைச் சேர்ந்த நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வாங்கி வைத்திருந்து விற்பதன் நியாய அநியாயங்களை நம்மினும் அண்மையிலிருந்து கண்டவர் யார்?

உடப்பிலோ கற்பிட்டியிலோ கரைவலை இழுக்குமிடத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்ப்போர்க்கு இது விளங்கும். வலையும் வள்ளமும் சம்மாட்டிக்கு உரியவை; இழுக்கும் கைகள் தொழிலாளருடையவை. மீன் விற்ற பணத்திற் செலவு கழித்து, வலைக்கு ஒரு பங்கும் உழைப்புக்கு ஒரு பங்குமாகப் பிரிப்பர். பங்கின் அளவு குறித்துச் சச்சரவு எழுவதுண்டு. பங்கு உண்டென்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், மீன் கரையில் விலைபோன கணத்தோடு அவ்வுறவு முடிந்துவிடுகிறது. வாங்கிய வியாபாரி அதனை உப்பிட்டுக் காயவைத்து, கடல் கொந்தளித்து வள்ளங்கள் இறங்காத காலத்தில் இருமடங்கு விலைக்கு விற்றால் அது அவருடைய சாமர்த்தியம். பிடித்தவர் மனங்குமையலாம், உரிமை கோருவதில்லை. கோராமைக்குக் காரணமும் உண்டு. கருவாட்டின் விலையை உயர்த்தியவை காற்றும் மழையும் சந்தைத் தட்டுப்பாடுமே. பிடித்தவரின் பிற்கால உழைப்பு அவ்விலையில் ஒரு சதத்தையும் கூட்டவில்லை.

ஓவியத்தின் கதை வேறு. 1973 ஒக்டோபர் 18ஆம் நாள், நியூ யோர்க் நகரில் வாடகைக் கார்த் தொழிலதிபரான ரொபேட் ஸ்கல் என்பவர் தாம் சேர்த்திருந்த படைப்புகளுள் ஐம்பதை ஏலத்திலிட்டார். அவற்றுள் ஒன்று ஓவியர் ரொபேட் றவுஷன்பேர்க்கினுடையது. 1958இல் ஸ்கல் அதற்குக் கொடுத்த விலை 900 டொலர். அன்று அது 85,000 டொலருக்குப் போயிற்று. ஏலம் முடிந்ததும் ஓவியர் ஸ்கல்லை நெருங்கி, இந்த இலாபத்தை உமக்குத் தேடித் தரவா இத்தனை காலம் உழைத்தேன் என்ற பொருள்படச் சினந்து பேசினார். இன்றைய விலையால் உமது அடுத்த ஓவியங்களும் விலையேறும், ஆகவே நானும் உமக்காகவே உழைத்திருக்கிறேன் என்ற பாங்கில் அமைந்தது ஸ்கல்லின் மறுமொழி. ஸ்கல்லின் வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும், அது விடையளிக்க வேண்டிய வினாவை விட்டு வேறொன்றுக்கு விடையளிக்கின்றது.

அந்தப் படைப்பு பதினைந்தாண்டுகளில் எவ்வாறு மாறியது? அதன் வண்ணம் கூடவில்லை. சட்டகம் பழசாயிற்று, அவ்வளவே. விலையை உயர்த்தியது அதற்குப் பின் அவ்வோவியர் வரைந்த ஏனைய படைப்புகளும், அவற்றால் அவர் ஈட்டிய பெயருமேயாம். 1959இல் அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஓர் எழுதுவினைஞராகப் போயிருப்பின், ஸ்கல்லின் சுவரில் அது 900 டொலர்ப் படமாகவே தொங்கியிருக்கும். எனவே, வாங்கியவர் விற்பனைக்கு முன் செலவான உழைப்புக்கு விலை கொடுத்தார். விற்பனைக்குப் பின் செலவான உழைப்பின் பயனையோ விலையின்றிப் பெற்றார். தென்னந்தோட்டத்தையும் கருவாட்டையும் விட்டு ஓவியம் பிரியுமிடம் இதுவே. மார்க்சியம் பயிலும் நண்பர்கள் இதற்கு உபரி மதிப்பு என்று உடனே பெயர் சூட்டிவிடுவர். நான் அவ்வளவு விரைந்து சூட்டத் தயங்குகிறேன். ஓவியன் ஸ்கல்லின் கூலியாளாக இருக்கவில்லை. தன் புகழைத் தனக்காகவே வளர்த்தான். இன்னொருவர் கொழித்தது அதன் பக்கவிளைவு. ஆனால் பக்கவிளைவாய் வந்த செல்வத்துக்கும் நன்றிக்கடன் உண்டல்லவா?

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்றுண்டு. நூறு இளைஞரின் ஓவியங்களை வாங்குபவர், அவர்களுட் பெரும்பாலோர் மறக்கப்படுவதைக் காண்பார். அந்த நட்டத்தில் எந்த ஓவியனும் பங்கேற்பதில்லை. இலாபத்தில் மாத்திரம் பங்கு கேட்பது எங்ஙனம் முறையாகும்? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் கரைவலையை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். வலை வெறுமையாக ஏறிய நாளில் சம்மாட்டிக்குச் செலவு நட்டம். இழுத்தவருக்கு அன்றைய நாளே நட்டம். இளங்கலைஞன் தன் முதற் பத்தாண்டுகளை ஊதியமின்றிச் செலவிடும்போது, வாங்குபவர் இடும் பணயத்திலும் பெரிய பணயத்தை இட்டுவிட்டான். வாங்குபவர் ஒருவனிடம் இழந்ததை மற்றொருவனிடம் ஈடுசெய்யலாம். ஓவியனுக்கோ இருப்பது ஓர் இளமையே.

வாங்கியதை உடனுக்குடன் கைமாற்றும் வணிகம் இன்னும் கொடியது. லூசியன் சிமித் என்ற அமெரிக்க இளைஞர் 2011இல் வரைந்த ஓவியமொன்று 10,000 டொலருக்கு வாங்கப்பட்டு, 2013இல் 389,000 டொலருக்கு ஏலம் போயிற்று. பின்னர் ஆர்வம் வற்றியது. சில ஆண்டுகளுள் அவர் படைப்புகளின் ஏல விலை அதன் சிறு பகுதியாகச் சரிந்தது. விலையை ஏற்றியவர் வேறு, இறக்கியவர் வேறு. சரிவின் அவப்பெயரைச் சுமந்தவர் அவ்விரண்டையும் செய்யாத ஓவியரே.

நமது நாட்டுக்கு வருவோம். 1943இல் கொழும்பில் '43 குழு' தோன்றியபோது ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, இவான் பீரிஸ் முதலியோரின் புதுமை ஓவியங்களை வாங்குவோர் சிலரே. அக்குழுவின் உந்துசக்தியாக விளங்கிய லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். இன்றோ கீற்றின் ஓவியங்கள் வெளிநாட்டு ஏலங்களிற் பெருவிலை பெறுகின்றன. அக்குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ், தாமே ஓவியராயிருந்தும், தோழர்களின் படைப்புகளைச் சேர்த்து, பார்ன்ஸ் பிளேசிலுள்ள தம் இல்லத்தையே 1974இற் 'சபுமல்' என்ற பொது நிறுவனமாக்கினார். ஏழை மாணவனும் அங்கு சென்று அவற்றைக் காணலாம். நம் மண்ணில் சேகரிப்பாளருக்கு இவரினும் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. எனினும் எல்லாரும் பீரிஸ் ஆகிவிட்டால் மறுவிற்பனை இல்லை; மறுவிற்பனை இல்லையேல் விலையெழுச்சி இல்லை; அதனை எதிர்பார்த்து முதல் ஓவியத்தை வாங்க வருவோரும் குறைவர். ஆகவே மறுவிற்பனையே பாவம் என்று கூறுதல் பொருந்தாது. பங்கில்லாத மறுவிற்பனையே கேள்விக்குரியது.

பங்கு கொடுப்பது இயலாத காரியமுமன்று. பாரிஸில் 1904இல் அந்திரே லெவல் என்பவரும் நண்பர்களும் 'கரடித்தோல்' என்று பொருள்படும் பெயரில் ஒரு கூட்டு அமைத்து, ஆண்டுதோறும் பணமிட்டு இளம் ஓவியரின் படைப்புகளை வாங்கினர். கரடியைக் கொல்லுமுன் அதன் தோலை விற்பவன் பற்றிய கதையே இப்பெயருக்கு மூலம். தம்மைத் தாமே எள்ளிக்கொள்ளத் தெரிந்த முதலீட்டாளர்கள்! 1914 மார்ச்சில் அனைத்தையும் ஏலத்திலிட்டனர். 1,000 பிராங்குக்கு வாங்கிய பிக்காசோவின் ஓவியமொன்று 11,500 பிராங்குக்குப் போயிற்று. இலாபத்தில் 20 சதவீதத்தை அவர்கள் ஓவியர்களுக்கே வழங்கினர். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பிரான்சில் மறுவிற்பனைப் பங்குச் சட்டம் வந்தது 1920இலேதான். இந்தியா 1994இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, 10,000 ரூபாவுக்கு மேற்பட்ட மறுவிற்பனையில் 10 சதவீதத்துக்கு மேற்படாத பங்கை ஓவியருக்கு உரியதாக்கியது. கலிபோர்னியாவில் 1976இல் இயற்றப்பட்ட அத்தகைய சட்டத்தை 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் செயலிழக்கச் செய்தது. சட்டத்தின் கை நீளும், மடங்கும். அன்றியும் இத்தகைய சட்டங்களால் மிகுதியும் பயன்பெறுவோர் ஏற்கெனவே பெயர் பெற்றோரும் அவர்தம் வாரிசுகளுமே.

எனவே முதல் விற்பனையின் போதே பங்கைப் பேசிக்கொள்வது நன்று. 1971இல் நியூ யோர்க்கில் சேத் சீகலாப் என்பவர் ஒரு வழக்கறிஞரின் துணையுடன் ஒப்பந்தப் படிவமொன்றை வெளியிட்டார். ஓவியம் கைமாறுந்தோறும் விலையுயர்வில் 15 சதவீதம் ஓவியரைச் சேரவேண்டும் என்பது அதன் உட்கிடை. ஜோர்ஜ் கீற் நிறுவனம் 1993இல் தொடங்கிய 'கலா பொல' ஓவியச் சந்தையில், கொழும்பு ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையோரம் இளம் ஓவியர் தம் படங்களைத் தாமே நேரில் விற்கின்றனர். முந்தலிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ ஓர் இளம்பெண் தன் படங்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு அங்கு செல்கிறாள் என வைத்துக்கொள்வோம். பற்றுச்சீட்டின் அடியில் இரண்டு வரி கூடுதலாக எழுதினாற் போதும், அவளது உரிமை பதிவாகிவிடும். ஆனால் மாலை சாய்கிறது. ஒரு படமும் விலைபோகவில்லை. திரும்பும் பேருந்துக்கும் அடுத்த மாத வண்ணத்துக்கும் பணம் வேண்டும். அவ்வேளையில் வந்து நிற்கும் ஒரே வாடிக்கையாளரிடம் அவ்விரண்டு வரியையும் வற்புறுத்த அவளால் இயலாது. இயலுமானவர் எதிரில் நிற்கும் வாடிக்கையாளரே. எழுதுகோலைக் கேட்டு வாங்கி, அவ்விரண்டு வரியையும் அவர் தாமே எழுதிக் கையொப்பமிடலாம்.