வகுப்பில் இருப்பதும் வகுப்பில் சேர்வதும்

எல்லாக் குழந்தைகளுக்கும் வாசலைத் திறந்துவிட்டால் ஒரு பள்ளியின் கடமை தீர்ந்துவிடுகிறதா? நிர்வாகம் பெரும்பாலும் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. பெயர் பதிவாகிவிட்டது, வருகை குறிக்கப்பட்டுவிட்டது, அதோடு சரி. இந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதை, முன்பு பர்மா எனப்பட்ட மியான்மரின் யாங்கோன் (ரங்கூன்) நகரப் பள்ளி வரலாற்றில் பார்க்கலாம். 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு 1965-இல் தனியார் பள்ளிகளை நாட்டுடைமையாக்கியது. மிஷன் பள்ளிகளும் பல்வேறு சமூகத்தார் நடத்திய பள்ளிகளும் அரசின் கைக்குப் போயின. பர்மியம் பயிற்றுமொழி ஆயிற்று. கப்பலேறி இந்தியா திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் வீட்டில் பேசும் மொழியில் ஒரு சந்தேகம் கேட்க அங்கே இடமிருக்கவில்லை. தமிழெழுத்து கோயில் வகுப்புகளுக்குள் ஒதுங்கிக்கொண்டது. எல்லாரும் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள் என்பதால் அதைச் சமத்துவம் என்று சொல்லிவிட முடியுமா என்பதுதான் இங்கே எழும் அறக்கேள்வி.

முடியாது என்பதற்கான காரணம் குழந்தையின் நடத்தையிலேயே தெரிகிறது. பாடம் புரியாத குழந்தைக்கு முன்னால் இரண்டு வழிகள்தான் உண்டு: வாய்மூடி உட்கார்ந்திருக்கலாம், அல்லது சேட்டை செய்யலாம். முதல் குழந்தைக்கு ‘நல்ல பிள்ளை’ என்று பெயர், இரண்டாவதற்குப் பிரம்பு. உண்மையில் இரண்டும் சொல்லும் செய்தி ஒன்றே. இதைக் கேட்பதற்குப் பண்பாடே தடையாகவும் ஆகலாம். பர்மிய பௌத்த மரபு புத்தர், தம்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என ஐந்தை எல்லையற்ற மதிப்புக்கு உரியவையாக வைக்கிறது. தாய் தந்தைக்கு அடுத்து குருவை நிறுத்தும் தமிழ் மரபுக்கும் இது அந்நியமல்ல. மதிப்பில் குற்றமில்லை, ஆனால் ஆசிரியரிடம் மறுகேள்வி கேட்பதே அவமரியாதை என்று ஆகிவிட்டால், புரியவில்லை என்ற ஒற்றைச் சொல்கூடப் பிழையாகிவிடுகிறது. 1993-ஆம் ஆண்டின் மியான்மர் குழந்தைகள் சட்டம் குழந்தையை வேண்டுமென்றே கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியபோதும், நன்மை கருதிப் பெற்றோரும் ஆசிரியரும் கண்டிப்பதற்கு விலக்கு அளித்தது. எது நன்மை என்று தீர்மானிப்பவர் கண்டிப்பவரே என்றால், கண்டிக்கப்படும் குழந்தையின் தரப்பு எங்குமே பதிவாவதில்லை. ஆகவே ஒரு பள்ளி குழந்தையைச் சேர்த்துக்கொண்டதா என்று அறிய ஓர் அளவுகோல் போதும்: தனக்குப் புரியவில்லை என்று அந்தக் குழந்தை சொல்ல வழி இருக்கிறதா, சொன்னால் பள்ளி தன்னை மாற்றிக்கொள்கிறதா?

அப்படியானால் தனிப் பள்ளிகளே நல்லவை அல்லவா என்று கேட்கலாம். யாங்கோனில் இதற்கு வலுவான சான்றுகளும் உண்டு. 1912-இல் இலங்கையில் செவித்திறனற்றோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளி தொடங்கிய மேரி சாப்மன், 1920-இல் ரங்கூனில் செவித்திறனற்ற குழந்தைகளுக்கு ஒரு பள்ளியை நிறுவினார். அது இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அன்று கெம்மண்டைன் எனப்பட்ட பகுதியில் பார்வையற்ற பிள்ளைகளோடு வாழ்ந்த வில்லியம் ஜாக்சன் பாதிரியார் தாமே பார்வையற்றவர். பர்மிய மொழிக்குப் பிரெய்ல் எழுத்தை வடிவமைத்தவரும் அவரே. பொதுப் பள்ளிகள் ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில் இவர்கள் கட்டியவற்றைப் பிரிவினை என்று ஒதுக்குவது நன்றிகெட்ட செயல். செவித்திறனற்ற குழந்தைக்குச் சைகையில் பேசும் தோழர்கள் வேண்டும். பேச்சு மட்டுமே நடக்கும் வகுப்பில் தன்னந்தனியாக அமர்த்துவது அதற்கு இன்னொரு தனிச்சிறை.

ஆனால் தனிக் கட்டடமும் தானாகவே விடுதலை தந்துவிடுவதில்லை. 1880-இல் மிலான் நகரில் கூடிய செவித்திறனற்றோர் கல்வி மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானித்தது. அதன்பின் பல நாடுகளில், அவர்களுக்கென்றே கட்டிய பள்ளிகளில், கையால் பேசியதற்காகக் குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்மானம் தவறு என்று வேறொரு மாநாடு ஒப்புக்கொள்ள 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜாக்சனின் பெருமை தனியே ஒரு விடுதி நடத்தியதில் இல்லை. பார்வையற்ற பர்மியக் குழந்தை தன் மொழியைத் தன் விரலால் படிக்க முடிந்ததில் இருக்கிறது. தனியா, பொதுவா என்ற வாதம் இடத்தைப் பற்றியது. அறமோ, இசைந்துகொள்ளும் சிரமம் யார் தலையில் விழுகிறது என்று கேட்கிறது. 1965-இன் வகுப்பில் அது முழுவதும் குழந்தையின் தலையில் விழுந்தது.

பொதுமொழி இல்லாமல் நாடு எப்படி நிற்கும், பர்மியம் தெரியாத பிள்ளைக்கு வேலை எப்படிக் கிடைக்கும் என்ற மறுப்பு நியாயமானது. யாங்கோன் தமிழ்ப் பிள்ளை பர்மியத்தை நன்றாகக் கற்கத்தான் வேண்டும். ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்தே ஒரு குழந்தையைப் புறப்படச் சொல்ல முடியாது. 2014-ஆம் ஆண்டின் தேசியக் கல்விச் சட்டம், தேவைப்பட்டால் இனக்குழு மொழிகளையும் வகுப்பில் பர்மியத்தோடு பயன்படுத்தலாம் என்று சற்றே இறங்கிவந்தது. ஆனால் அரசு அங்கீகரித்த 135 இனக்குழுக்களின் பட்டியலில் தமிழர் இல்லை. ஆறு வயதுக் குழந்தையின் புரியாமைக்கு இனப்பட்டியல் தெரியாது. சலுகையை அந்தப் பட்டியலோடு கட்டிப்போட்டால் அது குழந்தையின் உரிமையாக இல்லாமல் குலத்தின் உரிமையாகச் சுருங்கிவிடும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு வசதியைப் பற்றியது. நெரிசலான வகுப்பில் ஓர் ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையின் மௌனத்தையும் எப்படிப் படிப்பார்? ஒரு பிள்ளைக்காக நின்றால் மற்றவர்களின் பாடம் என்னாகும்? 2021 ராணுவப் புரட்சிக்குப்பின் ஒத்துழையாமையில் இறங்கியதற்காக 1,25,000-க்கும் அதிகமான பள்ளி ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாக அந்நாட்டு ஆசிரியர் கூட்டமைப்பு அந்த ஆண்டு மே மாதத்தில் கூறியது. அத்தகைய நாட்டில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. எனினும் பளுவை ஆசிரியர் ஒருவரே சுமக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டதில்தான் இந்த மறுப்பின் பலம் இருக்கிறது. அரசும் சுமக்க வேண்டிய பளு அது. 2014 கணக்கெடுப்பின்படி மியான்மர் மக்களில் 4.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு குறைபாட்டோடு வாழ்பவர்கள். அந்நாடு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2011-இல் ஏற்று, 2015-இல் தனிச் சட்டமும் இயற்றியது. ஆனாலும் சிறப்புப் பள்ளிகள் கல்வி அமைச்சகத்தின்கீழ் இல்லாமல் சமூகநல அமைச்சகத்தின்கீழேயே இருந்துவந்தன. கல்வி ஒரு பிள்ளைக்கு உரிமையாகவும் இன்னொரு பிள்ளைக்குத் தருமமாகவும் பிரிக்கப்பட்டது ஆள் பற்றாக்குறையாலோ பணமுடையாலோ நேர்ந்ததல்ல. அது அரசு செய்த தேர்வு.

வசதி குறைந்த இடத்திலும் நிறுவனம் அசைய முடியும் என்பதற்கு யாங்கோனின் தேநீர்க்கடைகளே சாட்சி. அங்கே எச்சில் குவளை கழுவும் சிறுவர்கள் பள்ளி நேரத்தில் வேலையில் இருப்பார்கள். 2010-களில் ஒரு நடமாடும் கல்வித் திட்டம் பேருந்தையே வகுப்பறையாக்கி, வேலை முடிந்தபின் பாடம் நடத்தியது. குழந்தைத் தொழிலை இது ஒழிக்கவில்லை. வேலையோடு சமரசம் செய்து அதற்கு நியாயம் கற்பிக்கிறது என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆனால் நேரத்துக்கு வராத பிள்ளை என்று பெயரை அடிக்காமல், நம் நேரம் அவனுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று அது கேட்டது. நலம், ஒழுக்கம், சேர்த்துக்கொள்ளல் என்று மூன்றாகப் பேசப்படுபவை இந்தக் கேள்வியில் ஒன்றாகின்றன. வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று பெருமைப்படும் பள்ளி முதலில் அந்த அமைதிக்குக் காரணம் தேட வேண்டும். எந்தப் பிள்ளை ஒரு பருவம் முழுவதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று வருகைப் பதிவேட்டோடு சேர்த்துக் குறித்துவைப்பதற்குப் பெரிய நிதி வேண்டாம். அந்தப் பட்டியலைப் பிள்ளைகளின் குறையாகப் படிக்காமல் பள்ளி செலுத்த வேண்டிய பாக்கியாகப் படிக்கும் துணிவுதான் வேண்டும்.