மலைமேல் ஓர் ஆள் அகலம்

பௌர்ணமிக்கு முந்தின நாளே தியாகதுருகம் பேருந்து நிறுத்தத்தில் துணிப்பைகள் தெரியத் தொடங்கிவிடும். மணலூர்ப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலை போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கிரிவலத்துக்கு. மிச்சம் சிலர் அங்கே இறங்கி, அடுத்த பேருந்து பிடித்துக் கடலாடிக்கோ தென்மாதிமங்கலத்துக்கோ போவார்கள். அவர்கள் பையைப் பார்த்தாலே தெரியும்: போர்வை, டார்ச், புளிச்சோறு, தண்ணீர். பர்வதமலைக்காரர்கள்.

*

ஏறத்தாழ 4,500 அடி உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை. படிகள் முடிந்தபின் கல்லும் வேருமான காட்டுப் பாதை. கடைசியில் செங்குத்துப் பாறையில் கம்பிகளை அடித்துச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். கடப்பாறைப் படி என்கிறார்கள். அந்த இடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கையும் காலும் மட்டும்தான் வேலை செய்கின்றன.

*

மேலே தங்குவதற்கு ஒரு கூடம். அறை, கட்டில், தலையணை என்று எதுவும் கிடையாது. தரையில் சாக்கை விரித்தால் படுக்கை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ச் சுவரோரம் முதலில் நிரம்பும். பிறகு வருகிறவர்கள் நடுவில். அதற்கும் பிறகு வருகிறவர்கள் வாசலில் நின்று உள்ளே பார்ப்பார்கள்.

அந்தப் பார்வைக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லிவிடுகிறார்கள். "இன்னும் ரெண்டு பேரு படுக்கலாம், வாங்க." உடனே ஒரு வரிசை முழுக்கப் புரண்டு நகர்கிறது. ஒரு பாட்டி முழங்காலை மடக்கிக்கொள்கிறார். ஒருவர் பையைத் தலைக்கடியில் இழுத்துக்கொள்கிறார். ஓர் ஆள் அகலம் தரையில் திறக்கிறது. கிடந்தால் தோள் உரசும், அவ்வளவுதான் இடம். எந்த ஊர், என்ன சாதி என்று கேட்கிற நேரமல்ல அது. கீழே, வாடகை வீடு தேடும்போது இந்த இரண்டும்தான் முதல் கேள்விகள். அதை நினைத்துக்கொண்டு நெடுநேரம் விழித்துக் கிடந்தேன்.

*

விடிகாலை. பக்கத்தில் படுத்திருந்த அம்மா தன் சாக்கை உதறி மடித்து, பழைய இடத்திலேயே வைத்தார். கீழே கிடந்த இலைகளைப் பொறுக்கினார். பாதி தீர்ந்த தீப்பெட்டியைச் சுவர் மாடத்தில் எல்லோருக்கும் தெரிகிறமாதிரி வைத்தார். "நமக்கு இனி வெளிச்சந்தானே சாமி. ராத்திரி வர்றவங்க தேடக் கூடாதுல்ல."

முந்தின இரவு நாங்கள் எடுத்துப் பயன்படுத்திய தீப்பெட்டியும் அதே மாடத்தில்தான் இருந்தது.

*

இந்த மலைப்பக்கத் தங்கலுக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம் செங்கண்மாத்து நன்னனைப் பாடியது. அந்தச் செங்கண்மா இன்றைய செங்கம். அதில் வரும் நவிரமலை இந்தப் பர்வதமலைதான் என்று சொல்கிறார்கள். சேயாறு, நாம் சொல்லும் செய்யாறு. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளில் பெரும்பகுதி வழித்துணை. பரிசில் தேடிப் போகும் கூத்தருக்கு எங்கே வழுக்கும், எங்கே பாம்பு, எங்கே உண்ணலாம், எங்கே இரவைக் கழிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வருகிறது. மலைச் சிற்றூரில் நன்னனின் கூத்தர் என்றால் போதும், உரிமையோடு உள்ளே போகலாம், தினைச்சோறு கிடைக்கும். ஊர் இல்லாத இடத்தில் இருட்டிவிட்டால் பாறைக்குகையில், தம் வீட்டுக்குள் போவதுபோலப் போய்த் தங்கச் சொல்கிறார் புலவர்.

எனக்கு அதில் மிகப் பிடித்தது வேறு ஓரிடம். வழி பிரிகிற இடத்தில், பின்னால் வரும் அறியாதவர்களுக்காகச் சரியான வழியைத் துடைத்துப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். பசியோடு போகிற கூத்தன் நின்று, குனிந்து, யாரென்று தெரியாத ஒருவனுக்காகப் புல் முடிகிறான். மாடத்துத் தீப்பெட்டி எனக்கு அந்தப் புல் முடிச்சாகவே பட்டது.

*

வடக்கே இமயத்திலும் வழிப்போக்கருக்குத் தங்கல் இருந்தது. மோட்டார் சாலை வருமுன் பத்ரி, கேதார் போகிறவர்கள் ரிஷிகேசத்திலிருந்தே நடந்தார்கள். வழிநெடுக 'சட்டி' எனப்பட்ட தங்கல்கள். கடைக்காரரிடம் அரிசி, மாவு வாங்கினால் இரவு தங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் சும்மா. கறுப்புக் கம்பளிச் சாமியார் என்று பெயர்பெற்ற சுவாமி விசுத்தானந்தர் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அறப்பணியால் அந்தப் பாதையில் தர்மசாலைகள் எழுந்தன. கேதார்நாத் 11,700 அடிக்கும் மேலே. அங்கே கூரை என்பது உயிர்.

ஆனால் கூரையும் போகும். கேதார்நாத் பாதையில் பாதி வழித் தங்கலாக இருந்த ராம்பாடா 2013 ஜூன் வெள்ளத்தில் சுவடில்லாமல் போயிற்று. நம் தமிழ்நாட்டிலும், 2015-இல் சதுரகிரி மலையில் காட்டாறு பெருகிப் பக்தர்கள் இறந்தார்கள். அதன்பின் அங்கே இரவு தங்கத் தடை வந்தது. மழை மேகம் கூடினால் வனத்துறை ஏறவிடாமல் நிறுத்துகிறது. கீழே நின்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடையில் தண்ணீர் ஏறுகிற வேகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் சண்டை போட வாய் வராது.

*

மலைமேல் லாட்ஜ் வேண்டும், கம்பிவடம் வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்கு வேண்டாம். அறைகள் வந்தால் கதவுகள் வரும், கதவு வந்தால் பூட்டு. பிறகு வருகிறவருக்காகப் புரண்டு இடம் விடும் அந்த வரிசை நகராது.

ஆனால் எளிமை என்ற பெயரில் பெண்களைத் தவிக்கவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மலையேற வருகிற பெண்கள் முந்தின மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். இருட்டும்வரை அடக்கி, பிறகு இருவர் துணையோடு டார்ச் அடித்துப் பாறை மறைவு தேடுகிறார்கள். மேட்டில் தண்ணீர் குடிக்காமல் ஏறினால் தலை சுற்றும், தசை பிடிக்கும், சங்கிலியைப் பிடித்த கை நழுவும். இதைப் பக்தியின் கஷ்டம் என்று சொல்லிவிட முடியாது.

படுக்க ஓர் ஆள் அகலம் போதும். அதோடு ஒரு மறைப்பு, ஒரு தாழ்ப்பாள், சுமந்து ஏற்றுகிறவருக்கு நியாயமான கூலி கொடுத்துக் கொண்டுவந்த ஒரு தொட்டித் தண்ணீர். பாதி வழியில் ஒன்று, மேலே ஒன்று. ஊருக்கு ஊர் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி சேர்க்கத் தெரிந்த நமக்கு இந்தப் பணத்தையும் சேர்க்க முடியும். அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப்போகிறேன்.