கடவையும் கடமையும்

மண்டைதீவில் தண்டவாளம் இல்லை. புகையிரதத்தைக் காணவேண்டுமாயின் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாண நகருக்கு நாம் செல்லவேண்டும். அவ்வாறிருக்க, புகையிரதக் கடவைகளின் பாதுகாப்பைப் பற்றித் தீவகத்தாருக்கு என்ன கவலை என்று சிலர் வினவக்கூடும். வள்ளத்தையும் தாம்போதியையும் நம்பியே படிப்புக்கும் பிழைப்புக்கும் போய்வருபவர்கள் நாம். அக்கரை சேர்வதென்பது தனிமனிதனின் சாமர்த்தியம் மட்டுமன்று, கடக்கும் வழியை அமைத்தவர்களின் பொறுப்புமாகும் என்பதை அனுபவம் எமக்குக் கற்பித்திருக்கிறது.

காங்கேசன்துறையைத் தென்னிலங்கையுடன் இணைத்த வடபகுதிப் பாதை 1905ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. 1990 ஜூனில் போர் காரணமாக யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காவலரண்களாயின. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் அதன் ஓசையையே கேளாத ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. பழைய பாதையைக் குறுக்கறுத்து ஒழுங்கைகள் உண்டாயின. அதன் அருகே குடிமனைகள் எழுந்தன. அந்த மக்களின் நடுவே, முன்னையிலும் வேகமான வண்டிகள் ஓடத் தொடங்கின. பல கடவைகளிலோ காவலும் இல்லை, தடையும் இல்லை.

விளைவு நாமறிந்ததே. ஒவ்வொரு மரணத்தின் பின்னும் ‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல் தவறாமல் உச்சரிக்கப்படுகிறது. அச்சொல்லோடு விசாரணை முடிகிறது. மனச்சாட்சியும் உறங்கச் செல்கிறது. இங்கேதான் எமது கேள்வி எழுகிறது. மறதியும் அவசரமும் மனித இயல்பெனில், அவற்றுக்கு மரணத்தையே தண்டனையாக விதிக்கும் ஓர் அமைப்பு நீதியானதா? 2019 ஜூனில் கிளிநொச்சி மாவட்டத்தில் பாதுகாப்பற்ற கடவையொன்றில் புகையிரதம் மோதி மாண்டவர்கள் இராணுவ வாகனமொன்றிற் சென்ற படையினர். பயிற்சி பெற்றவர்களுக்கே இக்கதியாயின், மாட்டை ஓட்டிச் செல்லும் முதியவரிடமும் துவிச்சக்கரவண்டியிற் செல்லும் மாணவியிடமும் நாம் எதை எதிர்பார்க்கிறோம்? விரைந்து வரும் புகையிரதம் நிற்பதற்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம் தேவைப்படலாம். சாரதி கண்டபின் தடுப்பதற்கு அதிகமில்லை. தடுக்கவேண்டியது முன்கூட்டியே தடுக்கப்படவேண்டும்.

2025 ஜூலை 8ஆம் திகதி, தமிழ்நாட்டின் கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில் மூடப்படாதிருந்த கடவையிற் புகுந்த பாடசாலை வாகனம்மீது புகையிரதம் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். கடவைக் காப்பாளர் கைதானார். அவரது தவறை நாம் மறைக்கவில்லை. ஆனால் அக்கடவையில் சமிக்ஞையும் கதவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கவில்லை. அப்பிணைப்பு உள்ள இடத்தில், கதவு மூடப்பட்டாலன்றிப் புகையிரதத்துக்குப் பச்சை விளக்கு எரியாது. புகையிரதம் கடந்தாலன்றிக் கதவைத் திறக்கவும் இயலாது. அஃதில்லாத இடத்தில் தொலைபேசியிற் பரிமாறப்படும் சொல்லே காவல். ஒரு மனிதன் ஒருகணம் தவறினால் மூன்று பிள்ளைகள் சாகவேண்டும் என்ற ஏற்பாட்டை அந்தக் காப்பாளரா வகுத்தார்?

ஏன் பிணைப்பில்லை? அதற்கொரு கணக்கு இருந்தது. ஒரு நாளிற் செல்லும் புகையிரதங்களின் தொகையை வாகனங்களின் தொகையாற் பெருக்கி, அப்பெருக்கம் 20,000ஐத் தாண்டினால் பிணைப்பு அமைக்கப்படும். இவ்விபத்தின் பின்னர் அவ்வெல்லை 10,000ஆகக் குறைக்கப்பட்டது. இதனை நாம் வரவேற்கிறோம். எனினும் இக்கணக்கின் உள்ளுறையை நோக்குக. வாகனம் பெருகாத கிராமம் ஏழைக் கிராமம். ஆகவே எல்லையை எவ்வளவு குறைத்தாலும், பிந்திக் காக்கப்படுவது ஏழையின் பிள்ளையே. பணம் குறைவாயுள்ளபோது எதையும் முறைப்படுத்தித்தானே செய்யவேண்டும் என்பார்கள். உண்மை. ஆனால் அந்த வரிசையில் எப்போதும் கடைசியில் நிற்பவன் யார் என்று கேட்பதே ஒழுக்கவியலின் தொடக்கம்.

இயலாமை என்ற வாதமும் முழுமையாய் நிற்காது. 2018 ஏப்ரல் 26ஆம் திகதி உத்தரப்பிரதேசத்தின் குஷிநகரில் ஆளில்லாக் கடவையொன்றில் பதின்மூன்று சிறார் மாண்டனர். நாடே அதிர்ந்தது. 2019 ஜனவரி இறுதிக்குள் இந்தியாவின் அகலப்பாதைகளில் ஆளில்லாக் கடவைகள் யாவும் ஒழிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வேலையின் எஞ்சிய பகுதி ஒன்பது மாதங்களில் முடிந்ததெனில், குறைந்திருந்தது கல்லும் இரும்பும் அல்ல, மனவுறுதியே.

மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மை. 2005 ஏப்ரல் 27ஆம் திகதி பொல்கஹவெலைக்கு அருகே யாங்கல்மோதரவில், கதவு மூடப்பட்டிருந்தும் பஸ் ஒன்று வேறொரு பஸ்ஸோடு போட்டியிட்டுப் பாதைக்குட் புகுந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தடை இருந்தும் பயனில்லையே என்று கேட்கலாம். அச்சாரதி குற்றவாளியே. ஆயினும் அன்றாட வசூலே வருமானமாகும் ஒரு தொழிலில், முந்திச் செல்பவனுக்கே பயணி, பிந்துபவனுக்கு நட்டம். போட்டி பஸ்ஸுக்குள் ஏறுமுன்னரே சமூகத்துக்குள் ஏறிவிட்டது. தனிமனிதப் பொறுப்பை நாம் மறுக்கவில்லை. அதைச் சொல்லிச் சமூகப் பொறுப்பை மறைப்பதையே மறுக்கிறோம்.

எமது நாட்டிலும் அரசு வாளாவிருக்கவில்லை. மணியும் ஒளிச்சமிக்ஞையும் பல கடவைகளில் அமைக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான கடவைகளுக்குப் பொலிஸ் திணைக்களத்தின் ஊடாகத் தற்காலிகக் காப்பாளர் நியமிக்கப்பட்டனர். ஆனால் அவர்களுக்குப் பல்லாண்டுகள் வழங்கப்பட்ட கொடுப்பனவு நாளொன்றுக்கு வெறும் 250 ரூபா! வெயிலிலும் மழையிலும் நின்று பிறர் உயிரைக் காத்தவர்கள், தம் குடும்பத்தைக் காக்க நிரந்தர நியமனம் கோரி வீதியில் இறங்கவேண்டியிருந்தது. உயிருக்கு விலையில்லை என்று மேடையிற் பேசுகிறோம். அந்த உயிரைக் காப்பவனுக்கு நாம் கொடுக்கும் கூலியில் அதன் விலை எழுதப்பட்டிருக்கிறது.

‘வீதியைக் கடக்குமுன் இருபுறமும் பார்’ என்று ஆசிரியர்களாகிய நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அது நல்ல பாடம், அது தொடரட்டும். ஆனால் வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து, ‘நான் பார்க்க மறந்தால் என்னைப் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்டால், ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று கூசாமற் சொல்லக்கூடிய சமுதாயமே நாகரிக சமுதாயம். அந்த விடையை உண்மையாக்குவது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது எமது கடமை.