சொன்னவன் யோக்கியனா?

தமிழ்நாட்டின் எந்த அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் கோபுர முத்திரை கண்ணில் படும். அதன் அடியில் 'வாய்மையே வெல்லும்' என்று எழுதியிருக்கும். நல்லது. எப்படி வெல்லும்? யார் செலவில் வெல்லும்? வாய்மைக்குக் கைகால் உண்டா, வக்கீல் வைக்கக் காசு உண்டா? யாரோ ஓர் எழுத்தர் பயத்தை விழுங்கிக்கொண்டு கோப்பின் நகலை வெளியே கொடுக்க வேண்டும். ஒரு நிருபர் அதை உடனே நம்பிவிடாமல் நாலு இடத்தில் சரிபார்க்க வேண்டும். மிரட்டல் வந்த பிறகும் ஓர் ஆசிரியர் அச்சுக்கு அனுப்ப வேண்டும். இவர்களில் ஒருவர் பின்வாங்கினாலும் வாய்மை அந்த முத்திரையில் மட்டும்தான் வெல்லும்.

நமக்கோ வசதியாக வேறொரு கணக்கு இருக்கிறது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான். மயிலாப்பூரில் காலைக் காபியோடு ஊழல் செய்தியைப் படித்துவிட்டு, 'எல்லாத்துக்கும் மேலே ஒருத்தன் இருக்கான்' என்று பேப்பரை மடித்து வைப்பவரைக் கேட்கிறேன்: அந்த மேலே இருப்பவர் இதுவரை எந்த டெண்டரை ரத்து செய்தார்? எந்தக் கோப்பைத் தூசி தட்டினார்? நான் பார்த்தவரை இந்த ஊரில் உப்பைத் தின்றவர்கள் இளநீர்தான் குடிக்கிறார்கள்.

கடவுளை நம்பாதவர்களும் துள்ள வேண்டாம். அவர்களுக்கும் ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. 'சொன்னவன் மட்டும் யோக்கியனா? அவனுக்கு இதில் என்ன லாபமோ!' புத்திசாலித்தனமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் பெரும்பாலும் இது சொல்லப்பட்டதைப் படிக்காமல் இருக்க ஒரு சாக்கு.

இந்தச் சாக்கைச் சோதிக்க, யோக்கியம் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடையாறு தாண்டினால் திருவான்மியூர். 1980களின் இறுதியில் அங்கே சாராயமும் பெண்களை வைத்துத் தொழிலும் நடத்தியவர் ஆட்டோ சங்கர். ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர். அவர் சிறையில் இருந்தபடி சுமார் 300 பக்கங்களில் தன் வாழ்க்கையை எழுதினார் என்றும், காவல்துறை, ஆட்சிப்பணி அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த உறவை அதில் சொல்லியிருக்கிறார் என்றும், தொடராக வெளியிடப்போவதாகவும் 'நக்கீரன்' இதழ் அறிவித்தது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. இது அவர் எழுதியதே அல்ல, சிறை விதிகளுக்கு முரணானது, வெளியிட்டால் நடவடிக்கை.

கொஞ்சம் யோசியுங்கள். ஆறு கொலை செய்தவன் பேச்சை யார் நம்பப்போகிறார்கள்? யாரும் நம்பமாட்டார்கள் என்றால் எதற்காகத் தடுக்க வேண்டும்? பொய் என்றால் வெளிவரட்டும், நீதிமன்றத்தில் கிழித்துப் போடலாமே. ஒரு கொலைகாரனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து அரசு இயந்திரம் பதறியது என்றால், அந்தப் பதற்றமே ஒரு தகவல் இல்லையா? சாராய வண்டிகள் வருடக்கணக்கில் ஓடிய தெருவில் காக்கிச்சட்டை ஒன்றுகூடவா நடமாடவில்லை?

இதழின் ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு சங்கரின் யோக்கியதையை அளக்கவில்லை. அரசுக்கும் அதன் அதிகாரிகளுக்கும், தங்களை அவதூறு செய்துவிடும் என்ற அச்சத்தில் ஓர் எழுத்தை அச்சாகும் முன்பே தடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லை என்றது. குறை இருந்தால் வந்த பிறகு வழக்குப் போடு. அதிலும் கடமை தொடர்பான செயல்களைப் பற்றி எழுதியதற்கு, உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார்கள் என்று அதிகாரி நிரூபித்தால்தான் இழப்பீடு. தனிமனிதரின் அந்தரங்கத்தையோ அதே தீர்ப்பு தனி உரிமையாகக் காத்தது. பொது ஆவணங்களில் இருப்பதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்வை அனுமதியின்றி எழுதினால் விளைவை ஏற்றுக்கொள் என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது அவர்கள் எடுத்துப் பேசிய முன் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. உங்கள் கைப்பேசியை யாரும் நோண்டக் கூடாது என்று இன்று நீங்கள் வாதாடும் உரிமையின் ஒரு வேர், திருவான்மியூர் சாராய வியாபாரி எழுதியதாகச் சொல்லப்பட்ட காகிதக் கட்டில் இருக்கிறது. யோக்கியர்கள் எழுதட்டும் என்று காத்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

தீர்ப்பு வந்த ஏழு மாதத்துக்குள், 1995 ஏப்ரல் 27 அன்று, சேலம் சிறையில் சங்கரைத் தூக்கிலிட்டார்கள். பலருக்கு நிம்மதி. செத்துப்போன ஆறு பேரின் குடும்பங்களைச் சொல்லவில்லை, அவர்களின் வலியோடு எனக்கு வாதமில்லை. அந்தப் பக்கங்களில் பெயர் வந்துவிடுமோ என்று தூக்கம் கெட்டவர்களைச் சொல்கிறேன். அவர் சொன்னதில் எது உண்மை, எது பழிதீர்க்கும் கதை என்று குறுக்கு விசாரணையில் பிரித்தெடுக்கும் வாய்ப்பும் அந்தக் கயிற்றிலேயே போயிற்று.

உடனே ஒருவர் லட்சுமிகாந்தனை இழுப்பார். இழுக்கட்டும். நடிகர்களின் படுக்கையறையை அச்சடித்து, காசு பறித்ததாகப் பெயரெடுத்த பத்திரிகைக்காரர். 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறையில் கிடந்து 1947இல்தான் விடுதலையானார்கள். எழுதுகிறவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் எங்கே சொன்னேன்? கேட்க வேண்டியது வேறு: வெளியே வந்தது யாருடைய ரகசியம்? பொதுப்பணத்தின் ரகசியமா, ஒருவருடைய வீட்டின் ரகசியமா? போகட்டும், அந்த மஞ்சள் இதழ்களைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் யார்?

தி.நகருக்கு வருவோம். டிராஃபிக் ராமசாமி என்றால் சிரித்தோம் அல்லவா? சட்டைப்பை நிறையக் காகிதம், கையில் மனு, எந்நேரமும் யாரோடாவது சண்டை. அனுமதி மீறி எழும்பிய கட்டடங்களுக்கு எதிராக அவரும் அவரைப் போன்றவர்களும் பல ஆண்டுகள் உயர் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 அக்டோபர் 31 அன்று ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தபோது நாம் என்ன பேசினோம்? கல்யாணப் புடவைக்கு எங்கே போவது என்று. 2017 மே 31 அன்று அதே உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை பற்றியெரிந்து சரிந்தது. நல்ல வேளை, விடியும் முன்பே பிடித்த தீ. மாலை ஏழு மணிக்குப் பிடித்திருந்தால்?

சாலையோர பேனர்களையும் அவர் விடவில்லை. சில இடங்களில் தாமே கிழித்தார், கைதானார். விளம்பரப் பிரியர் என்றார்கள். 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் அப்போதைய ஆளுங்கட்சிக்காரர் வீட்டுத் திருமணத்துக்கு அனுமதியில்லாமல் வைத்த பேனர், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மென்பொறியாளர் மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் மேல் ஏறியது. மறுநாளிலிருந்து கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு 'இனி பேனர் வைக்காதீர்கள்' என்று அறிக்கை விட்டன. அந்த அறிக்கையை ராமசாமியின் மனுவைப் படித்தே விட்டிருக்கலாமே? கிழவரின் குணம் பிடிக்கவில்லை என்பதற்கான விலையை அந்தப் பெண் ஏன் கொடுக்க வேண்டும்?

இனி அண்ணா சாலை. அங்கிருந்து வெளிவரும் 'தி இந்து' 1988இல் போஃபர்ஸ் பீரங்கி பேர ஊழல் ஆவணங்களை அச்சிடத் தொடங்கியது. ஜெனீவாவில் சித்ரா சுப்பிரமணியம், இங்கே என். ராம். 1989 அக்டோபரில் அந்த நாளிதழே நிறுத்திக்கொள்ள, மிச்சம் வேறு நாளிதழ்களில் வந்தது. காகிதங்களைக் கொடுத்தவர் ஸ்வீடனில் போஃபர்ஸ் விசாரணையை நடத்திய காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம். கொடுத்தவர் அவர்தான் என்பது 2012 வரை வெளியே தெரியாது. அந்த ஆண்டு பேசியபோது அவர் இரண்டு காரியம் செய்தார். மூடி மறைக்கும் வேலை நடந்ததை ராஜீவ் காந்தி பார்த்துக்கொண்டிருந்தார் என்றார். ராஜீவ் பணம் வாங்கியதற்குத் தன்னிடம் ஆதாரமில்லை என்றும், அமிதாப் பச்சன் பெயர் திட்டமிட்டு நுழைக்கப்பட்டது என்றும் சொன்னார். குற்றத்தைக் காட்டிய அதே கை, குற்றமற்றவரையும் காட்டியது. வதந்தி இதைச் செய்யுமா? கால் நூற்றாண்டு காத்திருந்து யாரையாவது விடுவித்த வதந்தி உண்டா?

அவருக்குத் தன் பங்கை மறைத்துக்கொள்ள ஸ்வீடன் இருந்தது. நம் ஊர் எழுத்தருக்கு என்ன இருக்கிறது? தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றி, பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார் பொறியாளர் சத்யேந்திர துபே. கடிதம் அவருடைய பெயரோடு மேசை மேசையாக நகர்ந்தது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையர் வேலை என்று முடித்தது சிபிஐ. அப்படியே இருக்கட்டும், பெயரைப் பரப்பியது எந்தக் கொள்ளையர்?

அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த கோரிக்கை சட்டமாக வர பத்தாண்டு பிடித்தது. ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம், 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. புகார் தந்தவரின் பெயரைக் கசியவிடுபவருக்குச் சிறை என்றும் அதில் இருக்கிறது. ஆனால் எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்ற அறிவிப்பு இதை எழுதும் வரை வரவில்லை. அந்த ஒப்புதலுக்குப் பிறகு தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் இரண்டு மக்களவைத் தேர்தல்கள் நடந்துவிட்டன. வேட்பாளர்கள் உங்கள் தெருவுக்கு வந்தார்கள், கும்பிட்டார்கள், ஆரத்தித் தட்டில் காசு போட்டார்கள். அந்தத் தேதி எப்போது என்று அவர்களில் ஒருவரிடமாவது நீங்கள் கேட்டீர்களா?