கிணற்றுக்கட்டில் ஒரு கேள்வி

இறுப்பிட்டியில் நண்பரின் வளவில், பழைய கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். புங்குடுதீவில் பல கிணறுகளில் உவர்நீர்தான். அவருடைய பாட்டனார் இடம் பார்த்துத் தோண்டிய இக்கிணற்றிலோ நல்ல தண்ணீர்; அயலெல்லாம் வந்து அள்ளுமாம்.

"இடத்தைக் கண்டவர் அவர்தான் காக்கா. தண்ணியை அவர் படைக்கேல்லையே" என்றார் நண்பர்.

எனக்கு மைக்கேல் லாவெல் நினைவுக்கு வந்தார். நியூசிலாந்தில் போரிட்டுவிட்டு வந்து பெங்களூரில் குடியிருந்த அயர்லாந்துச் சிப்பாய். கோலார்ப் பக்கத்துத் தங்கத்தைப் பற்றி வாரன் என்ற அதிகாரி 1804இல் எழுதிய பழைய குறிப்பொன்று அவர் கண்ணில் பட்டது. 1871இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அறுபது மைல் போய்ப் பார்த்தார். 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார். 1875இல் இருபதாண்டுக் குத்தகை கிடைத்தது. தோண்டப் பணம் போதாமல் சில ஆண்டுகளிலேயே உரிமையைப் பிறருக்குக் கைமாற்றினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகே சுரங்கம் செழித்தது. பெங்களூரில் இன்றும் அவர் பெயரில் ஒரு வீதி உண்டு.

'கண்டுபிடித்தவர்' என்கிறோம். வாரனுக்கு மண்ணைக் கழுவிப் பொன் காட்டியவர்கள் அவ்வூர்க் கிராமத்தவர்கள். அவர்கள் பெயரில் வீதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மஃரிபில் இருந்த உப்புத்தலத்தை அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) கேட்டதும் நபிகளார் (ஸல்) கொடுத்துவிட்டார்கள். அது வற்றாத நீரைப் போன்றது, போகிறவர் எவரும் அள்ளலாம் என்று ஒருவர் சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கொடுத்த சொல்லையே மாற்றவைத்த நியாயம் அது. பாடுபடாமல் கிடைப்பதற்குத் தனியுரிமை இல்லை என்றே சட்ட அறிஞர்கள் இதை விளங்கிக்கொண்டார்கள். ஆழத்தில் மறைந்து கிடப்பதைப் பற்றி அவர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு.

பாடுதான் அளவுகோல் என்றால் கோலாரில் பாடுபட்டவர் யார்? வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள். மூன்று கிலோமீற்றருக்கும் கீழே, பாறை வெடித்துச் சரியும் சூட்டில் இறங்கியவர்கள். தூசி தின்ற நுரையீரலோடு வீடு திரும்பியவர்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை தகரக் கூரை வீடுகளும் சயனைட் மண்மேடுகளும்.

லாவெல்லை நான் திருடன் என்று சொல்லமாட்டேன். எவரும் நம்பாததை நம்பி அலைந்தார். அந்த அலைச்சலுக்குக் கூலி உண்டு. ஆனால் கூலி வேறு, உரிமை வேறு. அவர் விற்றது பொன்னை அல்ல, மற்றவர்களைத் தடுக்கும் அதிகாரத்தை. அதை அவருக்குக் கொடுத்த அரசு, பொன் கழுவிய அந்தக் கிராமத்தவர்களைக் கேட்டுவிட்டா கொடுத்தது?

நண்பர் வாளியை இழுத்தார். குடித்துப் பார்த்தேன்; இலேசாகக் கரித்தது.

"உறுதியில கிணற்றுப் பங்கு எழுதியிருக்கு. கனடாவிலயிருந்து ஒருத்தர் தன்ர பங்கைக் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்" என்று சிரித்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை குடத்தோடு வேலிக்கடவையில் நின்றிருந்தது. வாளியை அதனிடம் நீட்டினார்.