பிரிந்து செல்வோரை வழியனுப்பும் பண்பு

ஆபிரகாமும் அவருடைய உடன்பிறந்தார் மகன் லோத்துவும் ஒரே நிலத்தில் வாழ்ந்தனர். இருவருடைய மந்தைகளும் பெருகியபோது மேய்ப்பர்களிடையே சச்சரவு மூண்டது. மூத்தவராகிய ஆபிரகாம் தமக்குரிய முதலுரிமையை விட்டுக்கொடுத்து, விரும்பும் திசையைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை இளையவருக்கே அளித்தார். லோத்து செழிப்பான யோர்தான் சமவெளியைத் தெரிந்துகொண்டார். பின்னாளில் பகையரசர்கள் லோத்துவைச் சிறைப்பிடித்துச் சென்றபோது, பிரிந்து போனவர்தாமே என்று ஆபிரகாம் வாளாவிருக்கவில்லை. தம் வீட்டில் பிறந்த 318 பேரைத் திரட்டிக்கொண்டு விரைந்து, அவரை மீட்டு வந்தார். ஆதியாகமம் கூறும் இவ்வரலாறு, பிரிவுக்குப் பின்னும் உறவு உண்டு என்பதை உணர்த்துகிறது.

அங்கே சச்சரவுக்குக் காரணம் மேய்ச்சல் நிலம். நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம், சத்தியத்தைப் பங்கிட இயலாது. ஆகவே கொள்கை வேறுபாட்டால் ஒரு போதகர் சபையைவிட்டு விலகும்போது, தலைமைப் பொறுப்பில் உள்ளோருக்கு வரும் சோதனை மிகக் கடியது. கொள்கையைக் காப்பது அவர்தம் கடமை. விலகுபவரை நேசிப்பதும் அவர்தம் கடமையே. இவ்விரண்டில் ஒன்றைப் பற்றி மற்றொன்றைக் கைவிட்டால் விளைவது என்ன என்பதற்கு ஸ்காட்லாந்துத் திருச்சபையின் வரலாறு சிறந்த சான்றாகும்.

அந்நாட்டில் 1712ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு சபைக்குப் போதகரை முன்மொழியும் உரிமை பெரும்பாலும் நிலக்கிழார்களிடம் இருந்தது. சபைமக்கள் விரும்பாத போதகரை அவர்கள்மேல் திணிக்கலாகாது என்று திருச்சபையின் பொதுப்பேரவை 1834இல் விதி வகுத்தது. அதே ஆண்டில் ஆக்டரார்டர் என்னும் ஊரில் முன்மொழியப்பட்டவரை ஏற்று ஒப்பமிட்ட ஊரார் இருவர் மட்டுமே. ஆயினும் நீதிமன்றங்கள் நிலக்கிழாரின் உரிமையையே நிலைநாட்டின. திருச்சபைக்குத் தலைவர் கிறிஸ்துவா, அரசா என்னும் கேள்வியாக அது வளர்ந்தது.

இரு தரப்பினரும் ஏற்றிருந்த விசுவாச அறிக்கை ஒன்றே. அப்படியிருந்தும் பொறுமை குன்றியது. சபையின் உரிமைக்காகப் போராடியோர் பேரவையில் பெரும்பான்மையாக இருந்தபோது, நீதிமன்ற ஆணைக்குக் கீழ்ப்படிந்த ஸ்ட்ராத்போகி வட்டாரப் போதகர் எழுவரை 1841இல் பதவிநீக்கம் செய்தனர். மனச்சான்றின் பெயரால் பேசியவர்களே, பிறருடைய மனச்சான்றுக்கு இடமளிக்கத் தவறினர். மறுதரப்பிலோ, வீட்டையும் ஊதியத்தையும் துறந்து செல்பவர் வெகு சிலராகவே இருப்பர் என்று எண்ணியவர் பலர்.

1843ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் எடின்பரோவில் பேரவை கூடியது. தலைவர் டேவிட் வெல்ஷ் எதிர்ப்புரையை வாசித்து, அரசியின் பிரதிநிதிக்கு வணக்கம் செலுத்திவிட்டு வெளியேறினார். தாமஸ் சால்மர்ஸ் முதலானோர் பின்தொடர்ந்தனர். ஏறத்தாழ 1,200 போதகருள் 470க்கும் மேற்பட்டோர் விலகிச் சுதந்தரத் திருச்சபையைத் தோற்றுவித்தனர். ஆதாயம் தேடிச் சென்றோர் என்று அவர்களை எவரும் கூறமுடியாது. குடியிருந்த வீட்டையே இழந்து சென்றனர்.

அவர்களை வழியனுப்பிய விதம் வருந்தத்தக்கது. எஞ்சிய பேரவை அவர்களுடைய இடங்கள் காலியாகிவிட்டன என்று அறிவித்தது. நிலக்கிழார் சிலர் புதிய ஆலயம் கட்ட இடம் தர மறுத்தனர். ஸ்ட்ரான்ஷியன் பகுதி மக்கள் 1846இல் கடல்நீரில் மிதக்கும் ஆலயம் ஒன்றை அமைத்து, படகேறிச் சென்று ஆராதித்தனர். விலகியோரும் குறையற்றவர் அல்லர். தங்கியிருந்தோரை ‘எச்சத்தார்’ என்று ஏளனமாக அழைத்தனர்.

அப்பிளவு இந்தியாவையும் தொட்டது. இங்கிருந்த ஸ்காட்லாந்து மிஷனெரிகள் அனைவரும் சுதந்தரத் திருச்சபையின் பக்கம் நின்றனர். கல்கத்தாவில் 1830இல் கல்விக்கூடம் நிறுவிய அலெக்ஸாண்டர் டஃப், அதன் கட்டடத்தை விட்டு வெளியேறி, வேறோர் இடத்தில் புதிதாகத் தொடங்கினார். ஒரே நகரில், ஒரே நற்செய்திக்காக, இரு கூடங்கள் தனித்தனியே நடந்தன. அவை ஒரே கல்லூரியாக இணைந்தது 1908இல்தான்.

எந்தச் சட்டத்தால் பிரிவு நேர்ந்ததோ அந்தச் சட்டம் 1874இல் நீக்கப்பட்டது. காரணம் அகன்றது, காயம் ஆறவில்லை. 1900இல் சுதந்தரத் திருச்சபையின் பெரும்பாலோர் மற்றொரு சபையுடன் இணைந்தபோது, சிறுபான்மையினர் அதை ஏற்கவில்லை. சொத்து முழுவதும் அச்சிறுபான்மையினருக்கே உரியது என்று 1904இல் உயர் தீர்ப்பு வந்தது; 1905இல் புதுச் சட்டம் இயற்றியே அதைப் பங்கிட நேர்ந்தது. தம் முன்னோர் ஒருகாலத்தில் சொத்தை இழந்து வெளியேறியவர்கள், அதே சொத்துக்காக வழக்குமன்றத்தில் எதிரெதிரே நின்றனர். இறுதியில் 1929ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பெரும்பகுதியினர் மீண்டும் ஒன்றாயினர். பிரிந்தபோது வாலிபராயிருந்தோர் அந்த நாளைக் காண உயிருடன் இல்லை.

இவ்வரலாறு தலைவர்களுக்குக் கற்பிப்பவை தெளிவானவை. விலக நினைப்பவர் வாசலை அடையுமுன்னரே அவர் சொல்லைச் செவிமடுத்தல் வேண்டும். அவர் கொள்கையை மறுக்கலாம்; உள்நோக்கம் கற்பித்தல் ஆகாது. அவருடைய குடும்பம் தங்க இடமும் உண்ண உணவும் பெறுகிறதா என்று விசாரித்தல் பலவீனமன்று. ‘இக்கொள்கையை இச்சபை ஏற்கவில்லை’ என்று மக்களுக்கு மறைக்காமல் சொல்லலாம். ‘இவரோடு பேசாதீர்’ என்று சொல்லத் தேவையில்லை. விலகுபவருக்கும் கடமை உண்டு. தம்மை வளர்த்த சபையைத் தூற்றி அவர் தம் புதிய பணியை எழுப்பலாகாது.

மந்தை தலைவர்களுடையதன்று, அது ஆண்டவருடையது. அவரிடம் கணக்குக் கொடுக்கும் நாளில், காத்த கொள்கையோடு, கண்ணீருடன் வாசலைக் கடந்துபோன சகோதரரைப் பற்றியும் கேட்கப்படும். இன்று பிரிந்து செல்பவர் நாளை இன்னலில் வீழ்ந்தால், ஆபிரகாமைப்போல் எழுந்து செல்லும் மனத்தை இறைவன் ஒவ்வொரு தலைவருக்கும் அருள்வாராக!